கல்லூரிக் காலத்தில் பணம் சேர்ப்பது: எந்தச் செலவில் முதலில் கை வைப்பது?

முதல் வருடம் முடிந்து ஹாஸ்டல் அறையைக் காலி செய்த அன்று, கட்டிலுக்கு அடியில் கிடந்த பையை வெளியே இழுத்தேன். உள்ளே ஐந்து பாடப் புத்தகங்கள். வகுப்பு தொடங்கிய முதல் வாரமே புதிதாக வாங்கியவை. ஒன்றைப் புரட்டினேன். முதல் முப்பது பக்கங்களில் பென்சில் கோடுகளும் ஓரக் குறிப்புகளும் இருந்தன. அதற்குப் பிறகு வந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் புது மை வாசனை வந்தது. அந்த வருடம் முழுக்கக் கேண்டீனில் கணக்குப் பார்த்தும், நண்பர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் “நான் வரவில்லை” என்று சொல்லியும் மிச்சம் பிடித்த தொகை என் நோட்டில் இருந்தது. கூட்டிப் பார்த்தேன். அந்த ஐந்து புத்தகங்களின் விலை அதைவிட அதிகம்.

சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களிடம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. எந்த இடத்தில் சேமிப்பது என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அதனால் கண்ணில் படுகிற சின்னச் செலவில் கை வைக்கிறோம். பெரிய செலவு கண்ணுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. மாணவர் முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எது எவ்வளவு தேறும், அதற்கு நாம் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று இங்கே பார்க்கலாம்.

ஊருக்கு ஊர் பணம் வேறு, விலை வேறு. அதனால் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு வரும் மொத்தப் பணத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து வருவது, உதவித்தொகை, நீங்கள் சம்பாதிப்பது எல்லாம் இந்த 100க்குள் அடக்கம். நான் சொல்லும் பங்குகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் கிள்ளுவதா, ஒரு தடவை வெட்டுவதா?

கேண்டீன், நொறுக்குத் தீனி, அவ்வப்போது ஒரு காபி என்று மாதத்துக்கு 9 பங்கு போகிறது என்று வைப்போம். அதைப் பாதியாக்கினால் 4.5 பங்கு மிஞ்சும். அதற்கு மாதத்தில் முப்பது தடவையாவது மனதைக் கட்ட வேண்டும். மறுபக்கம், வாடகைக்கு 40 பங்கு கொடுக்கிறவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டோ வேறு ரூமுக்கு மாறியோ அதை 28 ஆக்கினால் 12 பங்கு மிஞ்சும். அதற்குத் தேவை ஒரே ஒரு முடிவு. அப்புறம் அந்த வருடம் முழுக்க அது தானாக மிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சிறுதுளி பெருவெள்ளம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது பொய் இல்லை. ஆனால் துளி விழுவதற்குக் கீழே பாத்திரம் இருக்க வேண்டும். இன்று காபி குடிக்காமல் மிச்சமான காசு அதே பர்ஸில் கிடந்தால் நாளை வேறு எதற்கோ போய்விடும். சின்னச் செலவைக் குறைத்தவர்கள் பலர் மாதக் கடைசியில் “ஒன்றும் தேறவில்லையே” என்று சொல்வது இதனால்தான். குறைத்தது உண்மை, எடுத்து வைத்தது இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேண்டீன் பெஞ்சில்தான் பாதி நட்பு உருவாகிறது. யார் எந்தக் கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறார்கள், எந்தப் பேராசிரியர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறார், போன வருடக் கேள்வித்தாள் யாரிடம் இருக்கிறது எல்லாம் அங்கேதான் காதில் விழும். அந்த 4.5 பங்குக்காக அந்தப் பெஞ்சை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் வருடம் நான் அப்படி விட்டேன். அதைத் திரும்பப் பெற இரண்டாம் வருடம் முழுக்க ஆனது. அதனால் என் வரிசை இது: பெரியது முதலில், சின்னது அப்புறம். பெரிய செலவுகளைச் சரி செய்த பிறகும் கையைக் கடித்தால் மட்டும் சின்னச் செலவில் கை வையுங்கள்.

தங்குமிடம்: மாதக் கணக்கு பார்க்காதீர்கள், வருடக் கணக்கு பாருங்கள்

வீடு, ஹாஸ்டல், நண்பர்களோடு ரூம். பெரும்பாலோருக்கு இந்த மூன்றுதான் வழி. இதில் எடுக்கும் முடிவு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வீட்டிலிருந்து போய் வர முடிந்தால் பணக் கணக்கில் அதற்கு ஈடு இல்லை. வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவும் பெரும்பாலும் இல்லை. ஆனால் நேரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, மாதம் 22 நாள் என்றால் 66 மணி நேரம் வழியிலேயே கழிகிறது. ஒரு முழுநேர ஊழியர் ஒன்றரை வாரம் பார்க்கும் வேலை நேரம் அது. ரயிலில் உட்கார இடம் கிடைத்து, படித்துக்கொண்டே போக முடிந்தால் இந்த 66 மணி நேரம் வீண் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதானால் அதில் படிப்பும் இல்லை, ஓய்வும் இல்லை. ஒரு வழிப் பயணம் முக்கால் மணி நேரத்துக்குள் இருந்தால் யோசிக்காமல் வீட்டிலேயே இருங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், வீட்டில் இருந்து மிச்சமாகும் பணம் மதிப்பெண்ணில் போய்விடும் அபாயம் இருக்கிறது. தேர்வு மாதங்களில் மட்டும் பக்கத்தில் நண்பர் அறையில் தங்கிச் சமாளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நல்ல நடுவழி.

ஹாஸ்டலா ரூமா என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹாஸ்டலுக்கு மாதம் 32 பங்கு, மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் ரூமில் ஆளுக்கு 28 பங்கு என்று வைப்போம். பார்த்த உடனே ரூம்தான் மலிவு என்று தோன்றும். ஆனால் ஹாஸ்டலுக்குப் பல இடங்களில் வகுப்பு நடக்கும் பத்து மாதத்துக்குத்தான் கட்டணம். 32ஐப் பத்தால் பெருக்கினால் 320. ரூமுக்கு விடுமுறையிலும் வாடகை ஓடும். 28ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 336. இதன் மேல் மின்சாரம், தண்ணீர், இணையம், துடைப்பம் முதல் பல்பு வரை எல்லாம் உங்கள் கணக்கு. முன்பணம் வேறு முடங்கிக் கிடக்கும். மாதக் கணக்கில் 4 பங்கு மலிவாகத் தெரிந்த ரூம், வருடக் கணக்கில் கூடுதலாகிவிடுகிறது.

அப்படியென்றால் ரூம் எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். ஹாஸ்டலில் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மெஸ் பில் வரும். சில நாட்கள் தொடர்ந்து ஊருக்குப் போனால் கழித்துக் கொடுக்கும் விடுதிகள் உண்டு, ஆனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சமைக்கத் தெரிந்த இரண்டு பேர் ரூமில் இருந்தால் சாப்பாட்டுச் செலவு நன்றாகவே இறங்கும். முறை வைத்துச் சமைத்தால்தான் அது நிற்கும். தனியாளாகச் சமைக்கிறேன் என்று இறங்கினால் வாங்கிய காய்கறியில் பாதி வாடி, நாலாம் நாளிலிருந்து மறுபடி வெளியே சாப்பிடுவீர்கள். அப்போது இரண்டு செலவும் சேர்ந்து வரும்.

ரூமின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் வருடம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ரூம் எடுத்தோம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். மூன்று பெயர், யார் என்ன வாங்கினார், யார் யாருக்குத் தர வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பத்தி. ஐந்தாம் மாதம் ஒருவனுக்கு வேறு ஊரில் பயிற்சி வேலை கிடைத்தது. நல்ல வாய்ப்பு, போக வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தாளில் மூன்றாவது பத்தி அதோடு காலியாக நின்றது. மொத்த வாடகை 84 பங்கு என்றால் மூன்று பேருக்கு ஆளுக்கு 28. இரண்டு பேருக்கு 42. புது ஆள் கிடைக்க நான்கு மாதம் ஆனது. மாதம் 14 வீதம் நான்கு மாதத்தில் 56 பங்கு கூடுதலாகக் கட்டினோம். அந்த வருடம் ஹாஸ்டலை விட்டு வந்ததில் லாபம் என்று எதுவும் இல்லை.

அதனால் ரூம் எடுப்பதாக இருந்தால் மூன்று விஷயங்களை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒப்பந்தத்தில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும். நடுவில் போகிறவர் இரண்டு மாதம் முன்பே சொல்ல வேண்டும், அல்லது தன் இடத்துக்கு ஆள் பிடித்துத் தர வேண்டும். விடுமுறை மாத வாடகை யார் பொறுப்பு என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். நண்பர்களிடம் இதையெல்லாம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். பேசாமல் விட்டதால் முறிந்த நட்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கூச்சம் ஒரு மணி நேரம்தான்.

முதல் வருடம் ஹாஸ்டல், யார் எப்படி என்று தெரிந்த பிறகு இரண்டாம் வருடத்திலிருந்து ரூம். இதுதான் நான் தம்பி தங்கைகளுக்குச் சொல்லும் வழி. முதல் வருடமே தெரியாத ஆட்களோடு ரூம் எடுப்பது இருப்பதிலேயே மோசமான தேர்வு.

புத்தகம்: வாங்கிய விலை வேறு, ஆன செலவு வேறு

ஒரு புத்தகத்தின் செலவு என்பது வாங்கிய விலை இல்லை. வாங்கிய விலையில் விற்ற விலையைக் கழித்தால் வருவதுதான். புதிதாக 10 பங்குக்கு வாங்கி 4 பங்குக்கு விற்றால் செலவு 6. பழையதை 5 பங்குக்கு வாங்கி 3.5 பங்குக்கு விற்றால் செலவு 1.5. புதுப் புத்தகம் கடையை விட்டு வெளியே வந்ததுமே பெரும் மதிப்பை இழந்துவிடுகிறது. பழைய புத்தகம் ஏற்கெனவே இழந்துவிட்டதால் உங்களிடம் வந்த பிறகு அதிகம் இழப்பதில்லை. வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் இருந்தால் அந்த வாடகையை இந்த 1.5 பங்கோடு வைத்துப் பாருங்கள். பல நேரம் பழையதை வாங்கி விற்பதே மலிவாக முடியும்.

நூலகம் இலவசம்தான், ஆனால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஒரே புத்தகம் தேவைப்படும். தேர்வுக்கு முந்தைய வாரம் அலமாரியில் அந்த இடம் காலியாக இருக்கும். திருப்பித் தரத் தாமதமானால் அபராதம். ஆகவே நூலகத்தைத் துணைநூல்களுக்கு வைத்துக்கொண்டு, தினமும் தேவைப்படும் ஒன்றிரண்டை மட்டும் சீனியரிடமிருந்து வாங்குவது எனக்குச் சரியாக வந்தது. சீனியர் புத்தகத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எந்தப் பாடத்தில் கேள்வி வரும் என்று ஓரத்தில் அவரே எழுதி வைத்திருப்பார்.

பழைய பதிப்பு போதுமா என்று கேட்பார்கள். கணிதம், அடிப்படை இயற்பியல் போன்றவற்றில் போதும். பயிற்சிக் கணக்குகளின் எண் மட்டும் மாறியிருக்கலாம், நண்பரின் புத்தகத்தோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துக்கொண்டால் சரி. சட்டம், வரி, மென்பொருள் சார்ந்த பாடங்களில் பழையதை நம்ப வேண்டாம். இணையத்தில் நுழைய ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீட்டோடு வரும் புத்தகங்களையும் பழையதாக வாங்காதீர்கள். குறியீட்டை முதல் ஆள் பயன்படுத்தியிருப்பார்.

காசே கொடுக்காத வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய ஓபன்ஸ்டாக்ஸ், இயற்பியல், உயிரியல், பொருளாதாரம், புள்ளியியல் எனப் பல பாடங்களுக்குத் துறை அறிஞர்கள் சரிபார்த்த முழுப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி 2001இல் அறிவித்த ஓபன்கோர்ஸ்வேர் தளத்தில் பாடக் குறிப்புகளும் தேர்வுத் தாள்களும் கிடைக்கின்றன. உங்கள் பாடத்திட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் புரியாத ஒரு அத்தியாயத்துக்காக இன்னொரு தடித்த புத்தகம் வாங்குவதை இவை நிச்சயமாகத் தடுக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரே விதி: முதல் இரண்டு வாரம் எதையும் வாங்காதீர்கள். ஆசிரியர் எதை வைத்து நடத்துகிறார், பட்டியலில் பெயருக்கு இருப்பது எது என்று அதற்குள் தெரிந்துவிடும். கட்டிலுக்கு அடியில் கிடந்த என் ஐந்து புத்தகங்களில் இரண்டு, வகுப்பில் ஒரு நாள்கூடத் திறக்கப்படாதவை.

லேப்டாப்பைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. வட்டியில்லாத் தவணை என்ற பலகையைப் பார்த்ததும் தவணையை மாதங்களால் பெருக்கி, செயலாக்கக் கட்டணத்தைக் கூட்டி, ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலைக்குத் தருவார்கள் என்பதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் வட்டி, பெயர் வேறு. உத்தரவாதத்தோடு வரும் புதுப்பித்த லேப்டாப், எழுத்து வேலைக்கும் சாதாரண நிரல் வேலைக்கும் தாராளமாகப் போதும்.

சம்பாதிப்பதா, மிச்சம் பிடிப்பதா?

குறைப்பதற்கு ஒரு எல்லை உண்டு, சம்பாதிக்க எல்லை இல்லை என்பார்கள். மாணவருக்கு இது பாதிதான் உண்மை. அவருக்கும் ஒரு எல்லை இருக்கிறது, அது நேரம்.

பகுதிநேர வேலையில் மாதம் 20 பங்கு வருகிறது என்று வைப்போம். மூன்று வருடத்தில் 720 பங்கு. பெரிய தொகைதான். ஆனால் அந்த வேலையால் அரியர் விழுந்து, படிப்பு ஒரு வருடம் நீண்டால் என்ன ஆகும்? தங்கவும் சாப்பிடவும் மாதம் 100 பங்கு வீதம் 1200 பங்கு. கல்விக் கட்டணம் தனி. ஒரு வருடச் சம்பளம் தள்ளிப்போவது அதற்கும் மேல். மூன்று வருடம் மாலை நேரத்தையெல்லாம் கொடுத்துச் சம்பாதித்ததை ஒரே வருடம் விழுங்கிவிடுகிறது. மாணவருக்கு இருப்பதிலேயே பெரிய சேமிப்பு, படிப்பை உரிய காலத்தில் முடிப்பதுதான்.

வேலைக்கே போகாதீர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலைக்கு வேலை வித்தியாசம் இருக்கிறது. கல்லூரி நூலகத்திலோ ஆய்வகத்திலோ கிடைக்கும் வேலையில் சம்பளம் குறைவு, ஆனால் போக்குவரத்து இல்லை, தேர்வு நேரத்தில் விட்டுக்கொடுப்பார்கள். வெளியே கடையில் சம்பளம் கொஞ்சம் கூடும். போய்வரும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்து மணிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், பல நேரம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். டியூஷன் எடுப்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மணிக்கணக்கில் வருமானம் அதிகம், நம் அடிப்படையும் உறுதிப்படும். ஒரு பள்ளி மாணவிக்குப் பின்னங்களைப் புரியவைத்த பிறகுதான் எனக்கே அது சரியாகப் புரிந்தது. இரவு வேலைகள் கடைசி. தூக்கம் போனால் மறுநாள் வகுப்பும் போகும்.

செமஸ்டர் நடக்கும்போது வாரம் எட்டு, பத்து மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, விடுமுறையில் முழுநேரமாகச் செய்வது நல்லது. விடுமுறை வருமானம் மொத்தமாக வருவதால் எடுத்து வைப்பதும் எளிது.

இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒன்று ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். படிவம் நிரப்ப, சான்றிதழ் வாங்க, கட்டுரை எழுத எல்லாம் சேர்த்துப் பத்து மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். 60 பங்கு உதவித்தொகை, கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. சராசரியாகப் பார்த்தால் பத்து மணி நேரத்துக்கு 15 பங்கு. பகுதிநேர வேலையில் மாதம் 40 மணி நேரம் உழைத்து வருவது 20 பங்கு. எந்த மணி நேரம் அதிகம் சம்பாதிக்கிறது? “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்” என்று நல்ல மாணவர்களே விட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். துறை அலுவலகப் பலகையில் கடைசித் தேதி முடிந்த அறிவிப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் சிலவற்றுக்கு ஒருவர்கூட விண்ணப்பித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கே பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு வேலை என்பது தேர்வு இல்லை, கட்டாயம். அவர் செய்யக்கூடியது, முடியுமானால் அந்த செமஸ்டரில் குறைந்த பாடங்களை எடுப்பதும், கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று அலுவலகத்தில் கேட்பதும். கேட்டால் இல்லை என்பார்கள் என்று நினைத்துக் கேட்காமல் இருக்காதீர்கள்.

கையில் காசா, போனில் கட்டுவதா?

2001இல் எம்ஐடி பேராசிரியர்கள் டிரேசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் மேலாண்மை மாணவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எல்லா இருக்கைகளும் விற்றுத் தீர்ந்த ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுக்கு மாணவர்கள் ஏலத்தில் விலை கேட்க வேண்டும். ஒரு பகுதியினரிடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்றும், மற்றவர்களிடம் கடன் அட்டையில் கட்டலாம் என்றும் சொன்னார்கள். அட்டைக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு. டிக்கெட் ஒன்றுதான், மாணவர்களும் ஒரே வகுப்பு.

போனில் கட்டும்போதும் காசு கையை விட்டுப் போகும் வலி குறைவாகத்தான் இருக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததே. வாரச் செலவை ஞாயிற்றுக்கிழமை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை பர்ஸ் மெலிவதைக் கண்ணால் பார்ப்பது ஒரு வழி. எல்லாம் போனில்தான் என்றால், வாரச் செலவை மட்டும் ஒரு தனிக் கணக்கில் போட்டு, போனை அந்தக் கணக்கோடு மட்டும் இணைப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதுதான் நடைமுறையில் நின்றது. ரொக்கம் தொலையும், சில்லறை இருக்காது, நண்பர்களோடு பங்கு பிரிக்கவும் சிரமம்.

செலவை எழுதி வைப்பதைப் பொறுத்தவரை, ஜப்பானியப் பத்திரிகையாளர் ஹானி மோட்டோகோ 1904இலேயே வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். இன்றும் அந்த முறை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. ஆனால் நாலு வருடமும் எழுதுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், முடியாது. ஒரே ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். எந்த மூன்று செலவு உங்களைத் தின்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்த மூன்றை மட்டும் கவனித்தால் போதும்.

சேர்ந்ததை எங்கே வைப்பது?

எதில் வட்டி அதிகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மாதம் 10 பங்கு வீதம் மூன்று வருடம் போட்டு வந்தால் நீங்கள் போட்டது 360 பங்கு. ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்றால் அது ஏறத்தாழ 393 ஆகும். மூன்று வருட வட்டி 33 பங்கு. ரூம் வாடகையில் 12 பங்கு குறைத்தவருக்கு மூன்றே மாதத்தில் அது கிடைத்துவிடும். வட்டி பெரிதாக வளர நீண்ட காலம் வேண்டும். 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருடம் கிடைக்கும் என்ற கணக்கை லூக்கா பாச்சோலி 1494இலேயே வெனிஸில் அச்சான தன் கணித நூலில் சொல்லியிருக்கிறார். 6 சதவீதத்துக்கு 12 வருடம். உங்கள் படிப்போ மூன்று, நான்கு வருடம். அதனால் மாணவர் பார்க்க வேண்டியது வட்டி வீதம் இல்லை. பணம் கைக்கு எட்டாமல் இருக்கிறதா என்பதுதான்.

இதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் பிலிப்பைன்ஸில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்களிடம் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. தாங்களே வைத்த தேதியோ தொகையோ வரும்வரை எடுக்க முடியாத கணக்கு ஒன்றை அவர்கள் முன் வைத்தார்கள். வட்டி கூடுதலாக இல்லை, பூட்டு மட்டும்தான். வாய்ப்பு கொடுக்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, அந்த வாய்ப்பு கொடுக்கப்பட்ட குழுவின் சேமிப்பு மற்றவர்களைவிட 81 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்திருந்தது.

செலவுக் கணக்கிலேயே விட்டு வைப்பது, அலமாரியில் வைப்பது, வேறு வங்கியில் அட்டை இல்லாத தனிக் கணக்கு, வைப்புநிதி (ஃபிக்சட் டெபாசிட்), பங்குச்சந்தை. இவற்றில் முதல் இரண்டும் சேமிப்பே இல்லை, தள்ளிப்போட்ட செலவு. பங்குச்சந்தை, படிப்பு முடியும் முன் தேவைப்படக்கூடிய பணத்துக்கான இடம் இல்லை. இறங்கிக் கிடக்கும் மாதத்தில்தான் உங்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டி வரும். முதலில் ஒரு மாதச் செலவு சேரும்வரை தனிக் கணக்கு, அதற்கு மேல் சேர்வது வைப்புநிதிக்கு என்பதே என் தேர்வு. பணம் வந்த அன்றே எடுத்துப் போட வேண்டும், மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் மிஞ்சாது. வருமானம் ஒழுங்காக வராதவர் இத்தனை பங்கு என்று வைக்காமல், எப்போது எவ்வளவு வந்தாலும் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கடன் அட்டையில் பாக்கி இருந்தால் இது எதுவும் வேண்டாம், முதலில் அதை அடைத்துவிடுங்கள். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னது. 100 பங்கு பாக்கி ஒரு வருடத்தில் 142ஐத் தாண்டும். ஒரு பக்கம் 42 கொடுத்துக்கொண்டு மறுபக்கம் 6 வாங்குவதில் அர்த்தம் இல்லை. கல்விக் கடன் அப்படி இல்லை, வட்டி பொதுவாகக் குறைவு. ஆனால் பல கடன்களில் படிக்கும் காலத்து வட்டி சேர்ந்து, முடிவில் அசலோடு கலந்துவிடும். அப்புறம் வட்டிக்கே வட்டி. அவசரத்துக்கான ஒரு மாதச் செலவு சேர்ந்த பிறகு, வைப்புநிதியில் போடுவதைவிட அந்த வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வருவது லாபம்.

கடைசி செமஸ்டரில், ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கப் பதினொரு நாள் இருக்கும்போது என் லேப்டாப் திரை கறுத்துப்போனது. பழுது பார்ப்பவர் சொன்ன தொகை 38 பங்கு. இரண்டு வருடம் முன்பு என்றால் மூன்று பேரிடம் கைமாற்று கேட்டிருப்பேன். அட்டை இல்லாத அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வங்கிக்கு நேரில் போய், படிவம் எழுதி, அரை மணி நேரம் வரிசையில் நின்றேன். மாலையே திரை மாறியது. அடுத்த மாதம் வீட்டிலிருந்து பணம் வந்த அன்று, வழக்கம்போல 10 பங்கு அந்தக் கணக்குக்குப் போனது.